மூலம் என்று நினைத்தேன்: ஆசனவாய் வெடிப்போடு ஒன்பது மாதங்கள்

2022 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்குக் கழிப்பறையில் தொடங்கிய வலி, பள்ளியில் முதல் பாடவேளை முடியும்வரை என்னை விடவில்லை. எட்டாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்தவேண்டிய நேரம். கரும்பலகையில் பத்து வாக்கியங்களை எழுதிப் போட்டு, பிள்ளைகளிடம் அவற்றைப் பிரித்து எழுதச் சொல்லிவிட்டு, சுவரில் கையை ஊன்றி நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்தால் தணலில் உட்கார்ந்ததுபோல் எரிந்தது. நின்றால் உள்ளே யாரோ இறுக்கிப் பிடித்துத் திருகுவதுபோல் இருந்தது. மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்குப் போய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்காராமல் நின்றேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதற்கு நான் கொடுத்த விலை ஒன்பது மாதம்.

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். அப்போது வயது 38. இரண்டு பிள்ளைகள். கணவருக்குத் திருப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அந்த ஆண்டு ஜூலையில் தலைசுற்றல் என்று ரத்தப் பரிசோதனை செய்ததில் ரத்தசோகை என்று தெரிந்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரத்திலிருந்தே மலம் கறுப்பாகவும் இறுகியும் போனது. இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கலைத் தரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று நாள் போகாமல் இருந்து, நான்காம் நாள் முக்கி முக்கிப் போனபோது, தோல் கிழிவது எனக்கே தெரிந்தது. கண்ணாடிச் சில்லு அறுத்துக்கொண்டு இறங்கியது போன்ற வலி அது. கழுவியபோது கையில் சிவப்பான புது ரத்தம், சில சொட்டுகள். சற்று நேரம் அந்தக் கழிப்பறைச் சுவரில் சாய்ந்து அழுதேன்.

மாத்திரைமேல் மட்டும் பழி போட்டால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி எங்கள் பள்ளிக் கழிப்பறை. இருபத்தாறு ஆசிரியைகளுக்கு ஒரே கழிப்பறை, அதற்கும் தாழ்ப்பாள் சரியில்லை. காலை எட்டரைக்குப் பள்ளிக்குள் நுழைந்தால் மாலை நாலரை வரை அங்கே போகவேண்டிய அவசியம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, பதினோரு வருடமாக நான் பள்ளியில் தண்ணீரை அளந்து குடித்தவள். ஒரு நாளைக்கு அரை லிட்டர் போனாலே அதிகம். காலையில் உணர்வு வந்தாலும், பிள்ளைகளுக்குச் சோறு கட்டி, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அடக்கிக்கொள்வேன். அடக்க அடக்கக் குடல் மலத்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் கல்லாகும். இதைப் பிற்பாடு ஒரு மருத்துவர் சொன்னபோது, என்னைப்போலவே தண்ணீர்ப் புட்டியைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போகும் எங்கள் பள்ளிப் பெண்பிள்ளைகள்தான் முதலில் நினைவுக்கு வந்தார்கள்.

முதல் வாரம் வலி தானாகவே கொஞ்சம் குறைந்தது. ஆறிவிட்டது என்று நம்பினேன். ஆனால் மனத்துக்குள் பயம் உட்கார்ந்துவிட்டது. மறுபடி அந்த வலி வருமே என்று போகாமல் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதால் மலம் இன்னும் இறுகியது. இறுகியது அதே இடத்தை மறுபடி கிழித்தது. பிறகு சாப்பாட்டைக் குறைத்தேன். சாப்பிடாவிட்டால் போகவேண்டியதில்லை என்பது என் கணக்கு. இரவில் ஒரு டம்ளர் பாலோடு படுத்துவிடுவேன். இது மிகப் பெரிய தவறு. உணவு குறைந்தால் மலத்தின் அளவு குறையும், மென்மை குறையும், குடல் நகர்வது குறையும். மூன்று மாதத்தில் ஐந்து கிலோ எடை குறைந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் இளைத்து அழகாகிவிட்டதாகச் சொன்னார்கள். இந்த வலியோடு இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும், பயத்தில் சாப்பாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று கைபிடித்துச் சொல்லத் தோன்றுகிறது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் ஒருநாள் பூடகமாகக் கேட்டேன். "உனக்கு உடம்புச் சூடு, அதனால் மூலம் வந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு, துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் வாங்கிக்கொடுத்தார். அன்பாகச் செய்தார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நம் ஊரில் அந்த இடத்தில் என்ன வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான். ரத்தம் வந்தால் மூலம், வலித்தால் மூலம், கையில் ஏதோ தட்டுப்பட்டால் மூலம், அரித்தால்கூட மூலம். நானும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடையில் கூட்டம் குறையும்வரை எதிர்ச் சாலையில் நின்று, பிறகு போய் மெதுவான குரலில் "மூலத்துக்கு ஏதாவது களிம்பு" என்று கேட்டேன். ஒரு களிம்பும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். அதையே திரும்பத் திரும்ப வாங்கி நான்கு மாதம் தடவினேன். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்ததையும், மருத்துவர் சொல்லாமல் அதை வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து புண் ஆறுவது தாமதமாகும் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். வலி மாத்திரை டிரமடால் வகையைச் சேர்ந்தது. அது மலச்சிக்கலைக் கூட்டும். வலிக்காக ஒன்றை விழுங்கி, வலியின் காரணத்துக்கே உரம் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த வகையில் செலவு சுமார் 2,000 ரூபாய்.

பணம் பெரிதாகப் போனது நவம்பரில். பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, வலி இல்லை, ஒரே நாளில் மூலம், பௌத்திரம் குணம். அன்று நின்று எண்ணைக் குறித்துக்கொண்டேன். ரகசியம் காப்போம் என்று அதில் போட்டிருந்ததுதான் என்னை இழுத்தது. பெரிய மருத்துவமனைக்குப் போனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கு. ஒரு சனிக்கிழமை, பள்ளி வேலை இருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு மாடியில் இருந்த அந்த இடத்துக்குப் போனேன். சுவரில் சாமி படம் இருந்தது, பட்டம் எதுவும் இல்லை. பதிவு எண் எழுதிய பலகையும் இல்லை. பார்த்தவர் தன்னை டாக்டர் என்றார். உடன் பெண் உதவியாளர் யாரும் நிற்கவில்லை. பார்ப்பதற்கு 300 ரூபாய். உள்மூலம், வெளிமூலம் இரண்டும் முற்றிவிட்டது, இன்னும் ஒரு மாதம் விட்டால் புற்றுநோயாக மாறிவிடும் என்றார். நான் நடுங்கிப்போனேன்.

ஒரு வளையலை அடகு வைத்து 15,000 ரூபாய் கட்டினேன். அடுத்த வாரம் அந்த இடத்தில் ஓர் ஊசி போட்டார். என்ன மருந்து என்று கேட்டதற்கு, மூலிகை என்று மட்டும் பதில் வந்தது. பிறகு பொட்டலம் பொட்டலமாகச் சூரணம், மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 1,800 ரூபாய். எல்லாம் சேர்த்து 20,700. ஊசி போட்ட அன்று இரவு எனக்குக் காய்ச்சல். அடுத்த ஆறு நாள்களை நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. குப்புறப் படுத்தபடியே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். சம்பளமில்லா விடுப்பு பதினோரு நாள். தொலைபேசியில் கேட்டபோது, விஷம் வெளியேறுகிறது, பொறுங்கள் என்றார்கள். மூலம் புற்றுநோயாக மாறாது, ஆசனவாய் வெடிப்பும் மாறாது என்பதை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் படியை நான் ஏறியிருக்கவே மாட்டேன். பயத்தை உண்டாக்கி உடனே பணம் கட்டச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வைத்தியம் செய்கிறவரின் பட்டமும் பதிவு எண்ணும் எது என்று கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. ரேஷன் கடையில்கூட நான் ரசீது இல்லாமல் பொருள் வாங்கியதில்லை, என் உடம்பை மட்டும் ஒரு ரசீதுகூட இல்லாமல் ஒப்படைத்தேன்.

காப்பாற்றியவர் எங்கள் உடற்கல்வி ஆசிரியை. அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தும் நாள்களில் நான் மேசைமேல் தாளை வைத்து நின்றுகொண்டே திருத்துவதை இரண்டு நாள் கவனித்திருக்கிறார். மூன்றாம் நாள் எல்லாரும் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார். "டீச்சர், உங்களுக்கு உட்காரும் இடத்தில்தானே வலி? என் தங்கைக்குப் பிரசவத்துக்குப் பின்னால் இப்படித்தான் இருந்தது" என்றார். ஐந்து மாதத்தில் முதல்முறையாக ஒரு மனிதரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போடுங்கள், நான் கூட வருகிறேன்" என்றார். அவ்வளவுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவின் வெளிநோயாளிகள் வரிசையில் இரண்டரை மணி நேரம் நின்றோம். உட்கார முடியாதவளுக்கு நிற்பது சிரமமாக இல்லை.

பெண் மருத்துவர் ஒருவர் பார்த்தார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் மெதுவாக விலக்கிப் பார்த்தார். விரலை உள்ளே விடவில்லை. "இவ்வளவு வலி இருக்கும்போது விரல் வைக்க வேண்டியதில்லை அம்மா, பார்த்தாலே தெரிகிறது" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "இது மூலம் இல்லை. பிஷர். ஆசனவாயில் வெடிப்பு. குதிகாலில் பித்தவெடிப்பு வருகிறதல்லவா, அதுபோல ஒரு கிழிசல்" என்றார். ஐந்து மாதம் நான் சுமந்த பெயரே தவறு. பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். ஆசனவாய்க் குழாயின் உட்புறத்தில் பல்வரிசைபோல ஒரு கோடு உண்டு. அதற்கு மேலே இருக்கும் சவ்வுக்கு நம் தோலைப்போல வலி தெரியாது. உள்மூலம் அந்தப் பகுதியில் வீங்கும் ரத்தநாளத் திண்டு. ஆகையால் அது பெரும்பாலும் வலியே இல்லாமல் ரத்தம் கொட்டும். கோட்டுக்குக் கீழே இருப்பது விரல் நுனியைப்போல உணர்ச்சி மிகுந்த தோல். வெடிப்பு அங்கே வருகிறது, ஆகவேதான் ரத்தம் சில சொட்டு, வலி மலையளவு. பௌத்திரம் என்பது மூன்றாவது வேறொன்று. அது சீழ் வடியும் புரை, அருகில் ஒரு சிறு துளையிலிருந்து கசிந்து உள்ளாடையை நனைத்துக்கொண்டே இருக்கும். மலம் கழிக்கும்போது அறுத்து, பிறகும் மணிக்கணக்கில் வலித்தால் முதலில் வெடிப்பைத்தான் சந்தேகிக்கவேண்டும். என் கையில் தட்டுப்பட்ட சிறு சதைத் துணுக்கை வெளிமூலம் என்று சொல்லித்தானே அந்த மாடியில் பணம் வாங்கினார்கள்? அது நாள்பட்ட வெடிப்பின் ஓரத்தில் வளரும் வெறும் தோல் மடிப்பு. வெடிப்புக்குக் காவல் நிற்பதுபோல இருப்பதால் மருத்துவர்கள் அதற்குக் காவல் மூலம் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரிலும் மூலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் படத்தில் வட்டமாக ஒரு தசையைத் தடித்த கோட்டில் வரைந்தார். எனக்கு எல்லாம் புரிந்தது அந்த இடத்தில்தான். ஆசனவாயைச் சுற்றி இரண்டு தசை வளையங்கள். வெளியே இருப்பதை நாம் நினைத்தால் இறுக்கலாம், தளர்த்தலாம். உள்ளே இருப்பது நம் சொல் கேட்காது, தானாக இயங்கும். வெடிப்பின் வலியில் அந்த உள்தசை இறுகிக்கொள்கிறது. மலம் கழித்தபின் மணிக்கணக்கில் என்னைத் திருகியது அதுதான். இறுகிய தசை அந்தத் தோலுக்கு வரும் ரத்தத்தை நெரிக்கிறது. குழாயின் பின்பக்க நடுக்கோட்டில் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு, பெரும்பாலான வெடிப்புகள் அங்கேதான் வருகின்றன. ரத்தம் வராத புண் எப்படி ஆறும்? ஆறாத புண் வலிக்கிறது, வலியில் தசை மறுபடி இறுகுகிறது. இந்தச் சக்கரத்தை நிறுத்தாமல் புண்ணின் மேல் எதைத் தடவினாலும் வீண். ஆறு வாரத்துக்குள் இருப்பது புது வெடிப்பு. அந்தக் கட்டத்தில் வந்திருந்தால் மலத்தை இளக்குவதும் வெந்நீரும் மட்டுமே போதுமானதாக இருந்திருக்கக்கூடும் என்றார். நான் ஐந்து மாதம் கழித்துப் போயிருந்தேன்.

அவர் எழுதித் தந்தவை நான்கு. இரவில் லாக்டுலோஸ் என்ற இனிப்பான திரவ மருந்து. அது குடலில் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும். பலன் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும், முதல் நாளே வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. மலம் கழிப்பதற்குச் சற்று முன்னால் தடவ, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் களிம்பு. காலையும் இரவும் தடவ டில்டியாசெம் 2 சதவீதக் களிம்பு. இறுகிய தசையைத் தளர்த்துவது இதுதான். பட்டாணி அளவு எடுத்து, வெடிப்பின் ஓரத்திலும் ஆசனவாயின் விளிம்புக்குச் சற்று உள்ளேயும் தடவவேண்டும், ஆழமாகத் திணிக்க வேண்டாம். வலி குறைந்ததும் நிறுத்திவிடாமல் ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் தடவவேண்டும். இதே வேலைக்கு நைட்ரோகிளிசரின் களிம்பும் இருக்கிறது, ஆனால் அது பலருக்குத் தலைவலி தரும் என்பதால் எனக்கு இதைக் கொடுத்தார். ரத்த அழுத்தம் குறைவானவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது என்று கண்டித்து, வேறு வகைக்கு மாற்றி ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். களிம்புகளுக்குச் சில நூறு ரூபாய் ஆனது, மற்றவை மருத்துவமனையிலேயே கிடைத்தன.

நான்காவது மருந்து வெந்நீர். ஒரு பிளாஸ்டிக் டப் வாங்கி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, மலம் கழித்தபின்னும் இரவு படுக்கும்முன்னும் பத்து, பதினைந்து நிமிடம் இடுப்பு நனைய உட்கார்ந்திருக்கவேண்டும். உப்போ கிருமிநாசினியோ மஞ்சளோ எதுவும் போடவேண்டியதில்லை. சூடுதான் தசையை அவிழ்க்கிறது. முதல் நாள் அந்த டப்பில் உட்கார்ந்த ஏழாவது எட்டாவது நிமிடத்தில் உள்ளே ஒரு முடிச்சு தளர்ந்ததை நான் உணர்ந்தேன். வலியில்லாத உடம்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கணவரிடம் அன்றிரவே எல்லாவற்றையும் தொலைபேசியில் சொன்னேன். அடகு வைத்த வளையலைப் பற்றியும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

சாப்பாட்டில் நார்ச்சத்து நாளைக்கு 25 முதல் 35 கிராம் வரை வேண்டும் என்றார்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், ஆகவே வாரக் கணக்கில் கூட்டினேன். காலையில் கேழ்வரகு, பதினோரு மணி இடைவேளையில் ஒரு கொய்யா, மதியம் வாழைத்தண்டோ கீரையோ பெரிய கரண்டியில் இரண்டு கரண்டி, மாலையில் சுண்டல். இரவு ஒரு கரண்டி இசப்கோல் உமியைப் பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிப்பேன். இதைத் தண்ணீர் போதாமல் விழுங்கினால் உள்ளேயே கட்டிக்கொண்டு நிலைமை மோசமாகும். எத்தனை லிட்டர் குடிப்பது என்று கணக்குப் பார்க்காமல், சிறுநீர் வெளிர் நிறத்தில் போகும்வரை குடித்தேன். கழிப்பறை விஷயத்தில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினேன். காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, வெந்நீரும் சிற்றுண்டியும் முடித்து, உணர்வு வந்த உடனே போவேன். வயிற்றுக்குள் உணவு இறங்கியதும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தை விடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுவேன். முக்குவதில்லை. மேலைநாட்டுக் கழிப்பறை உள்ளவர்கள் காலுக்குக் கீழே ஒரு முக்காலியைப் போட்டு முழங்காலை உயர்த்திக்கொண்டால் குந்தி உட்காரும் நிலை கிடைக்கும்.

நான்காவது வாரம் முக்கால்வாசி வலி போய்விட்டது. ஐந்தாவது வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போனோம். பயணத்தில் தண்ணீர் குடிக்கவில்லை, களிம்பை வீட்டில் விட்டுவிட்டேன், இரண்டு நாள் அடக்கினேன். மூன்றாம் நாள் மறுபடி அதே இடம் கிழிந்தது. மண்டபத்துக் கழிப்பறையிலிருந்து வெளியே வந்து மணமக்களுக்கு அட்சதை போட்டேன், கண்ணில் நீர் நின்றது, சந்தோஷத்தில் அழுவதாக அத்தை நினைத்துக்கொண்டார். வெடிப்பின் குணமே இதுதான். ஆறுவதற்கு வாரங்கள் வேண்டும், கிழிவதற்கு ஒரு காலை போதும். பயணம் என்றால் மருந்துப் பையை முதலில் எடுத்துவையுங்கள்.

எட்டு வாரம் முடிந்து போனபோது வெடிப்பு பாதிதான் ஆறியிருந்தது. இன்னும் எட்டு வாரம் தொடர்ந்தோம். ஏப்ரலில் மருத்துவர் நேராகவே சொன்னார். நாள்பட்டதால் ஓரங்கள் தடித்துவிட்டன, களிம்பு இதற்குமேல் செய்வதற்கில்லை. அறுவை சிகிச்சையில் உள்தசையின் ஒரு சிறு பகுதியைப் பக்கவாட்டில் வெட்டிவிடுவார்கள். தசை தளரும், ரத்தம் ஓடும், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆறிவிடும். ஆனால் சிலருக்கு அதன்பிறகு வாயுவை அடக்குவது கடினமாகலாம். பெண்களுக்கு அந்தத் தசை நீளம் குறைவு, சுகப்பிரசவத்தில் கிழிந்து தையல் போட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். எனக்கு முதல் பிரசவத்தில் தையல் போட்டிருந்தார்கள். அதை நானாகச் சொல்லவில்லை, அவர் கேட்டார். அதனால் உள்ளே விரல்வைத்துத் தசையின் வலுவைச் சோதித்து, வெடிப்பின் நீளத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டமாட்டேன் என்றார். தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி பற்றியும் சொன்னார். வலுவான தசை இருப்பதாகத் தெரிந்ததால் நான் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டேன். முடிவெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், இது அன்றைக்கே செய்யவேண்டிய அவசரம் இல்லை.

2023 மே, கோடை விடுமுறை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள், வெட்டிய நேரம் அரை மணிக்கும் குறைவு. மறுநாள் காலை முதல்முறை மலம் கழிக்கப் போனபோது என் கை நடுங்கியது. வலித்தது. ஆனால் அது வெட்டுக்காயத்தின் வலி. அந்தத் திருகல் இல்லை. கதவைத் திறந்து வெளியே வந்து, வார்டில் காத்திருந்த உடற்கல்வி ஆசிரியையின் தோளில் சாய்ந்துகொண்டேன். இரண்டு வாரம் வாயு அடங்காமல் சங்கடமாக இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. ஆறு வாரத்தில் முழுவதும் ஆறியது. அந்தத் தோல் துணுக்கு மட்டும் இருக்கிறது, தொந்தரவு இல்லாததால் விட்டுவிடச் சொன்னார்கள். அரசு மருத்துவமனையில் எனக்கு ஆன மொத்தச் செலவு, பஸ் கட்டணம், களிம்பு, டப் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள். வளையலை மீட்க வட்டியோடு மேலும் ஆறு மாதம் ஆயிற்று.

ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியையிடம் போய்க் கழிப்பறையைப் பற்றிப் பேசினேன். காரணத்தையும் மறைக்கவில்லை. தாழ்ப்பாள் மறுநாளே வந்தது, இரண்டாவது கழிப்பறை பொங்கலுக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் என் வகுப்பில் எல்லாரும் தண்ணீர் குடிக்கவேண்டும், நானும் குடிக்கிறேன்.

எல்லா ரத்தமும் வெடிப்பின் ரத்தம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கறுத்த ரத்தமோ மலத்தோடு கலந்த ரத்தமோ வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், மலம் கழிக்கும் வழக்கம் மாறினால், வயது 45-ஐத் தாண்டியிருந்தால், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால் கேமரா பொருத்திய குழாயை விட்டுக் குடலின் உட்புறத்தைப் பார்க்கவேண்டி வரலாம். நான் சாப்பிடாமல் இளைத்திருந்ததால் என்னிடமும் இதையெல்லாம் கேட்டுத்தான் விட்டார்கள். வெடிப்பு நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தாலும், ஒன்றுக்கு மேல் இருந்தாலும், காசநோய், குரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சி போன்ற வேறு காரணங்களைத் தேடவேண்டும். காய்ச்சலோடு வீங்கித் துடித்தால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே போய்விடுங்கள்.

அரசு மருத்துவமனையில் சீட்டுப் போடும் இடத்தில் என்ன தொந்தரவு என்று கேட்பார்கள், பின்னால் வரிசை நிற்கும், அங்கேதான் பலருக்கு வாய் அடைத்துப்போகிறது. அறுவை சிகிச்சைப் பிரிவு என்று மட்டும் சொன்னால் போதும், சீட்டுக் கொடுத்துவிடுவார்கள். காலை ஏழரைக்குள் போய்விடுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் செவிலியரிடம் கேளுங்கள். ஆண் மருத்துவர் பார்த்தாலும் செவிலியர் கூட நிற்பார். போவதற்கு முன்னால் ஒரு தாளில் எப்போது தொடங்கியது, வலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது, ரத்தம் என்ன நிறம், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம், பிரசவத்தில் தையல் உண்டா என்று எழுதிக்கொண்டு போங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூசினால் அந்தத் தாளை நீட்டுங்கள். நான் அப்படித்தான் நீட்டினேன்.